இறக்கத்தில் குடிக்காத ஜீப்

அந்த ஜீப்புக்குப் பச்சை நிறம். யப்பான் வண்டி, டீசல். நாலு சக்கரமும் இழுக்கும். என் கைக்கு வரும்போதே அது கிழடு. கதவை இழுத்து அடித்தால்தான் பூட்டும். ஹீற்றர் போட்டால் ஈர நாயின் மணம் வரும். எனக்கு முதல் அதில் பக்கத்து இருக்கையில் இருந்து திரிந்தது கமக்காரரின் நாய். நான் வந்தபோது நாய் செத்துவிட்டது. மணம் மட்டும் இருந்தது.

கமக்காரர், அதாவது விவசாயி, என்று நான் சொல்வது என் முதலாளியை. ஜேர்மனியில், கொலோனிலிருந்து கிழக்கே, மலையும் அணைக்கட்டுகளும் உள்ள பகுதி. முன்பு மாடு வைத்திருந்தவர். பாலில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று மாடுகளை விற்றுவிட்டார். கொட்டகை சும்மா கிடந்தது. அதைக் கரவன் விடுவதற்கு வாடகைக்குக் கொடுத்தார்.

கரவன் என்றால் காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகிற வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, யன்னல் சீலை எல்லாம் இருக்கும். அங்கத்தைய ஆட்கள் கோடையில் அதை அணைக்கட்டுக் கரையில் விட்டு அதற்குள் இருப்பார்கள். மாரிக்கு, பனி கொட்டுகிற காலத்துக்கு, எங்காவது மூடி வைக்க வேண்டும். பலர் வயதுபோனவர்கள். அவர்களுடைய சின்னக் கார் மலை ஏற இழுக்காது. கரையில் ஈரப்புல், சரிவு. சாதாரண கார் புதைந்துவிடும். அதனால் வசந்தத்தில் கரவன்களைக் கரைக்குக் கொண்டுபோய் விடுவதும், இலை கொட்டும்போது திரும்பக் கொண்டு வருவதும் என் வேலை. இடையில் சிலர் இடம் மாற்றுவார்கள். அதற்கும் நான்தான்.

ஊரில் நான் வான் ஓடியவன். யாழ்ப்பாணத்துக்குள்தான். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. ஓடத் தெரியும், அவ்வளவுதான்.

இருந்தது கமக்காரர் வீட்டுக்குப் பின்னால், உழவு இயந்திரம் விடுகிற இடத்துக்கு மேலே ஒரு அறையில். சுற்றவர தமிழ்ச் சத்தம் இல்லை. கிழமை முழுக்கப் பேசாமல் இருந்து, சனிக்கிழமை கடைக்காரிக்குக் காலை வணக்கம் சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாக இருக்கும்.

என் மனைவி கொழும்பில் இருந்தா. கல்யாணம் முடித்த கையோடு நான் வெளிக்கிட்டுவிட்டேன். என் அகதி வழக்கு முடிந்து, இருக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அவவைக் கூப்பிடுவதென்றால் நிரந்தர வேலை காட்ட வேண்டும் என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் சொன்னார்கள். எனக்கு இருந்தது சீசன் வேலை.

கமக்காரரிடம் கேட்டேன். அவர் பேசியது ஜேர்மன். இப்போது நினைக்கும்போது எங்கள் பேச்சில்தான் ஞாபகம் வருகிறது.

"ஜீப் குடிக்கிற குடியைப் பாத்தியோ?" என்றார். "இப்பிடிக் குடிச்சால் நான் இழுவையை விட்டிடுவன். கொட்டகை வாடகை எனக்குக் காணும். இந்த சீசன் குடி குறைஞ்சால் உனக்கு வருசம் முழுக்க வேலை. எழுதித் தாறன்."

"குறைக்கிறன்" என்றேன்.

"என்னண்டு குறைப்பாய்?"

"வீடு சூடாக்கிற எண்ணெய் விட்டு ஓடட்டோ? ஊரில மண்ணெண்ணெயிலயும் ஓடினனாங்கள்."

அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. "அதுக்கு வரி குறைவு, அதாலதான் சிவப்புச் சாயம் போட்டிருக்கு. சுங்கக்காரன் டாங்கிக்குள்ள குழாய் விட்டு எடுத்துப் பாத்தால் ரெண்டுபேரும் ஒரே சிறை அறையில இருக்க வேண்டியதுதான்."

ஜீப் குடிப்பது உண்மை. வெறுமையாகப் போகும்போது அளவாகத்தான் குடிக்கும். கரவனைக் கொழுவினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாரத்தால் என்று நான் நினைத்திருந்தேன். பாரம் ஏற்றத்தில் மட்டும்தான். நேர் பாதையில் தின்பது காற்று. கரவனின் முகம் சுவர் மாதிரி. கொஞ்சம் வேகம் கூட்டினாலும் அந்தச் சுவரைக் காற்றுக்குள் தள்ளுவதிலேயே டீசல் போய்விடும். ஏற்றத்தில் இரண்டாம் கியர். பின்னால் கறுப்புப் புகை. டீசல் முள் இறங்குவது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு ஏறுவேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அது என்னை ஒரு நாளும் வழியில் விடவில்லை. உறைகிற குளிரிலும் இஞ்சின் சூடாகிறதைக் காட்டும் விளக்கு அணையும்வரை பொறுத்துத் திறப்பைத் திருப்பினால் பிடிக்கும். அணைக்கட்டுக் கரையில் புதிய பெற்றோல் ஜீப்புகளும் வந்து நிற்கும். மழைக்குப் பிறகு ஏதாவது ஒன்று பொனற்றைத் திறந்துகொண்டு நிற்கும். என்னுடையது கத்தும், குலுங்கும், ஆனால் போகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்புக்கு அவவுக்கு ரெலிபோன் எடுப்பேன். அவ இருந்த லொட்ஜுக்குக் கீழே ஒரு ரெலிபோன் கடை. சொன்ன நேரத்துக்கு அங்கே வந்து நிற்பா.

"சாப்பிட்டியளோ?"

"ஓம். நீர்?"

"ஓம். குடி குறைஞ்சதோ?"

"ஏத்தத்திலதான் கூடக் குடிக்குது."

அவ சிரித்தா. "நான் ஒவ்வொரு கிழமையும் குடி குறைஞ்சதோ எண்டு கேக்கிறன். இஞ்ச வரிசையில நிக்கிற அக்கா 'பாவம் பிள்ளை' எண்டு என்ர முதுகைத் தடவுறா."

"ஜீப் எண்டு சொல்லுமன்."

"சொன்னனான். அவ நம்பேல்லை."

பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு வராது. பின்னால் நிற்கிறவர்கள் அவசரப்படுத்துவது கேட்கும். வைத்துவிடுவோம்.

எப்போதாவது கொலோனுக்குப் போவேன். அங்கே ஒரு அண்ணை, ஊரில் என்னோடு வான் ஓடியவர். சாப்பாட்டுக் கடை ஒன்றில் சமையல் பக்கம் வேலை. அந்த வசந்தத்தில் போனபோது கதவைத் திறந்ததும் தொடங்கினார்.

"என்னடாப்பா, இன்னும் வெள்ளைக்காரன்ர வீட்டை இழுத்துக்கொண்டுதான் திரியிறியோ?"

"ஓம் அண்ணை."

"நத்தை கூடத் தன்ர வீட்டைத்தான் இழுக்குது. நீ மற்றவன்ர வீட்டை இழுக்கிறாய். விட்டிட்டு இஞ்ச வா. சட்டி கழுவ ஆள் கேக்கிறாங்கள்."

"அது எப்ப நிப்பாட்டுவாங்களெண்டு தெரியாது. அதைக் காட்டி அவவைக் கூப்பிட ஏலாது."

அவர் கேலியை விட்டார். கொஞ்ச நேரம் வெங்காயம் வெட்டினார்.

"ஊரில எண்ணெய் இல்லாத நேரம் என்னண்டு ஓடினனாங்கள்?"

"மண்ணெண்ணெயில."

"விசரா, அதை விடு. நிப்பாட்டி உருட்டினனாங்களே. சந்திக்கு முதலே இஞ்சினை நிப்பாட்டுவம், அது தன்ரபாட்டில போய்ச் சந்தியில நிக்கும். உனக்கு அங்க மலை கிடக்கு. ஏறினதெல்லாம் இறங்கத்தானே வேணும்? இறக்கத்தில சும்மா விடு."

இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் ஓடிய எல்லோருக்கும் தெரிந்த வேலை. அங்கே நிலம் மேசை மாதிரி. உருட்டினால் கொஞ்சத் தூரத்தில் வண்டி தானாக நின்றுவிடும். நாங்கள் இரண்டு பேரும் தானாக நிற்கிற நிலத்தில் ஓடப் பழகியவர்கள். அது எங்கள் இருவருக்கும் அன்று ஞாபகம் வரவில்லை.

இஞ்சினை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நிறுத்தினால் ஸ்ரேறிங் இறுகிவிடும். ஆகவே இறக்கம் வந்ததும் நியூட்ரலில் விட்டேன். ஜீப்பின் கத்தல் அடங்கும். பின்னால் கரவன் மெல்லத் தள்ளும். காட்டுக்குள் சத்தமில்லாமல் இறங்குவது நல்லாக இருந்தது. ஏற்றத்தில் அவசரப்படாமல் மிக மெதுவாகப் போனேன். பின்னால் கார்கள் ஹோண் அடிக்கும். ஒதுக்கி விடுவேன்.

குடி குறைந்தது. கமக்காரர் டீசல் அடிக்கும்போது பார்த்துவிட்டு, "என்ன செய்யிறாய்?" என்று கேட்டார்.

"மெதுவா ஓடுறன்" என்றேன். அதுவும் உண்மைதான்.

"இப்பிடியே போகட்டும். இலை கொட்ட நீ வேலைப் பேப்பரைக் கொண்டு வா, நான் கையெழுத்து வைக்கிறன்."

அந்த ஞாயிறு அவவுக்குச் சொன்னேன். அவ மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. அடுத்த கிழமை குளிர் உடுப்பு வாங்கினால் நல்லதோ என்று கேட்டா. "இப்ப வாங்காதையும், இஞ்ச வாங்கலாம்" என்றேன்.

கோடை முடிகிற நேரம். ஒரு வயதான அம்மாவின் கரவன். அவவின் கணவர் இறந்த பிறகும் அவ தனியாக வந்து அதில் இருப்பா. அந்த அணைக்கட்டில் சத்தம் கூடிப்போனது என்று மற்ற அணைக்கட்டுக்கு மாற்றச் சொன்னா. இடையில் ஒரு நீண்ட இறக்கம். முதல்நாள் மழை. தெருவில் இலை.

உச்சியில் நியூட்ரலில் விட்டேன். அந்த இறக்கம் நான் இறங்கிய மற்றவை மாதிரி இல்லை. முடிவு தெரியவில்லை. பிரேக்கைப் பிடித்தேன், விட்டேன், பிடித்தேன். வாடை வந்தது. பிறகு பிரேக் பெடல் காலுக்குக் கீழே மெத்தை மாதிரிப் போனது. கண்ணாடியில் பார்த்தேன். கரவன் இந்தப் பக்கம் ஒருக்கால், அந்தப் பக்கம் ஒருக்கால் வந்து எட்டிப் பார்த்தது. கியரில் போடப் பார்த்தேன். உரசியது, விழவில்லை.

வளைவுக்கு முதல் வலப் பக்கம் ஒரு புல்வெளி. கம்பி வேலி. அதற்குள் விட்டேன். கரவன் கொக்கியிலிருந்து கழன்று பக்கவாட்டில் விழுந்தது. ஜீப் புல்லில் போய் நின்றது. இஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒன்றும் இல்லை. இறங்கினேன். யன்னல் உடைந்து கரவனின் சாமான்கள் புல்லில் கிடந்தன. கோப்பைகள், ஒரு ரேடியோ, ஆம்பிளைச் செருப்பு ஒரு சோடி. உடையாததைப் பொறுக்கி ஒரு பக்கமாக வைத்தேன். பக்கத்து வீட்டில் கேட்டுக் கமக்காரருக்கு ரெலிபோன் எடுத்தேன்.

உழவு இயந்திரத்தில் வந்தார். முதலில் என்னைப் பார்த்தார். பிறகு ஜீப்புக்குள் தலையை விட்டுக் கியர்த் தடியைப் பார்த்தார். வண்டி நின்ற பிறகு நான் அதைத் தொடவில்லை. நியூட்ரலில்தான் நின்றது.

"எவ்வளவு காலமாய்?"

"வசந்தத்தில இருந்து."

"ஏன்?"

"குடி குறையத்தான்."

அவர் ஜீப்பின் மூக்கில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"கேள். அக்சிலேற்றரால காலை எடுத்துப்போட்டுக் கியரில இறங்கினால் இது ஒரு துளியும் குடியாது. ஓடுற சில்லுதான் இஞ்சினைச் சுத்த வைக்கும். இஞ்சின் சில்லைப் பிடிச்சு வைச்சிருக்கும். நியூட்ரல்ல விட்டால்தான் இஞ்சின் தன்ரபாட்டில ஓடி டீசல் எரிக்கும். நீ இறக்கத்தில ஒண்டும் மிச்சம் பிடிக்கேல்லை."

"அப்ப குறைஞ்சது?"

"ஏத்தத்தில நீ மாடு மாதிரி மெதுவாப் போனாய். அதாலதான் குறைஞ்சது."

இரண்டு பேருமாகக் கயிறு கட்டினோம். ஜீப்பைத் தாழ்ந்த கியரில் போட்டுக் கரவனை நிமிர்த்தினேன். ஈரப்புல்லில் நாலு சக்கரமும் பிடித்து இழுத்தது. ஒரு பக்கம் முழுக்க நசிந்திருந்தது. காப்புறுதி பார்த்துக்கொண்டது. அந்த அம்மா பிறகு வேறு கரவன் வாங்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இலை கொட்டியது. நான் பேப்பரைக் கொண்டு போகவில்லை. அவராகத்தான் சொன்னார். "இந்த வருசம் இல்லை. நீ இறங்கப் பழகினதை நான் ஒரு சீசன் பாக்க வேணும்."

நியாயம்தான். ஞாயிறு அவவுக்குச் சொன்னேன். கரவனைப் பிரட்டியதையும் சொன்னேன்.

"உங்களுக்குக் காயமோ?"

"இல்லை."

"உண்மையாவோ?"

"ஓம்."

பின்னால் யாரோ சிங்களத்தில் அவசரப்படுத்தினார்கள். அவ, "மெதுவா ஓடுங்கோ. நான் இருக்கிறன்தானே" என்றா. பிறகு, "குளிர் உடுப்பு ஒண்டு வாங்கிப்போட்டன். இருக்கட்டும், பழுதாப் போகாது" என்றா.

அந்த மாரி நீளம். கரவன்கள் கொட்டகைக்குள் நெருக்கமாக நின்றன. எல்லாவற்றுக்கும் யன்னல் சீலை மூடியிருந்தது. ஜீப்பின் பற்றரி இறங்காமல் இருக்க ஞாயிறு காலையில் இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விட வேண்டும். விட்டுவிட்டு உள்ளே இருப்பேன். சூடு வரும், நாய் மணமும் வரும். ரெலிபோனுக்குப் போகும்வரை அப்படியே இருப்பேன்.

அடுத்த சீசன் எல்லா இறக்கமும் இரண்டாம் கியரில் இறங்கினேன். ஏற்றத்தில் மாடு மாதிரிப் போனேன். குடி அதே அளவில் நின்றது. கமக்காரர் இரண்டு தடவை, சொல்லாமல், பக்கத்து இருக்கையில் ஏறி வந்தார். இரண்டு தடவையும் கியர்த் தடியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். இலை கொட்டும்போது, "பேப்பர் எங்க?" என்று கேட்டார்.

அவ வந்தது அதற்குப் பிறகு வந்த வசந்தத்தில். பிராங்பேர்ட் விமான நிலையத்துக்கு ஜீப்பைக் கொண்டுபோகச் சொல்லிக் கமக்காரரே திறப்பைத் தந்தார். அவ அந்தக் குளிர் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தா. கொஞ்சம் பெரிது. வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுவோ?" என்றா.

"இதுதான்."

வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தா. எங்கள் இடத்துக்கு முதல் வருகிற இறக்கத்தில் கியரைக் குறைத்தேன். இஞ்சின் கத்தியது.

"ஏன் இப்பிடிக் கத்துது?"

"பிடிச்சு வைச்சிருக்குது. அதுதான்."

"அப்ப கூடக் குடிக்குமே?"

"இறக்கத்தில குடியாது."

"குடிச்சால் குடிக்கட்டும்" என்றா.

நாங்கள் இத்தனை வருடம் ரெலிபோனில், பின்னால் ஆள் அவசரப்படுத்தப் பேசிப் பழகியவர்கள். பக்கத்தில் இருந்து என்ன பேசுவதென்று எனக்கும் தெரியவில்லை, அவவுக்கும் தெரியவில்லை. குளிருமே என்று ஹீற்றரைப் போட்டேன். நாய் மணம் வந்தது. அவ யன்னலைக் கொஞ்சம் இறக்கினா.