எனக்கு வேண்டிய ரேடியோ

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. அதைச் சொல்லிவிட்டுத்தான் சாலைக் கடைத்தெருவில் ஒரு ரேடியோக் கடைக்குள் நுழைந்தேன். வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டு கிளம்ப வீட்டில் ஒரு பை தயார் செய்திருந்தோம். ரேடியோ ஒன்றுதான் பாக்கி. அதை வைத்துக்கொள்ளப் போவது நான் என்றும் சொன்னேன். கடைக்காரர் என் கணவர் பக்கம் திரும்பினார்.

"சாரே, இவங்களுக்குக் கண்ணு தீரெ காணாதா?"

கண் துளியும் தெரியாது, காது நன்றாகக் கேட்கும் என்று நானே பதில் சொன்னேன்.

முதலில் அவர் கையில் கொடுத்தது சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது. தடவித் தடவிப் பார்த்தேன். திருகும் இல்லை, பொத்தானும் இல்லை. "டச்சாக்கும். ஸ்க்ரீன்ல எல்லாம் தெரியும், கேட்டோ" என்றார், மறுபடியும் சாரிடம்தான். சாருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. சார்ஜ் போட்டால் போதுமாம், விளக்கும் எரியுமாம். எனக்கு விளக்கு எதற்கு?

"நான் ஆன் பண்ணித் தாறேன்லா" என்றார் கணவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மழையில் பக்கத்துத் தோட்டு வாய்க்கால் நிறைந்து தெருவுக்குள் தண்ணீர் ஏறியபோது இவர் செய்த முதல் காரியம், காரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்தியதுதான். திரும்பி வர வழியில்லாமல் சாயங்காலம் வரை அங்கேயே மாட்டிக்கொண்டார். கரண்ட் போய், போனும் செத்து, தண்ணீரில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி நான் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தேன். இறங்கிப் போவதா, இருப்பதா என்று சொல்ல ஒரு குரல் இல்லை.

"அன்னைக்கு ஆரு ஆன் பண்ணித் தந்தா?" என்று கடையிலேயே கேட்டுவிட்டேன். நாலு பேர் காதில் விழட்டும் என்றுதான் கேட்டேன்.

திருகு வைத்த, பென்சில் பேட்டரி போடுகிற ரேடியோ ஒன்றைத் தேடி எடுக்க வைத்தேன். மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் எந்தப் பக்கம் என்று விரலால் பார்த்து, பேட்டரியை நானே போட்டேன். செய்தி கணீரென்று வந்தது. "பழைய மாடலாக்கும்" என்று முணுமுணுத்தார் கடைக்காரர். இருந்துவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்கு வந்ததும் ரேடியோவைப் பையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து தேடினால் பையைக் காணோம்.

"டிக்கியில வச்சாச்சு. அவசரத்துக்கு எடுக்க அதுதானே வசதி?"

மனுஷர் பெருமையாகச் சொல்கிறார்! கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பையைக் கொண்டுவந்து என் கட்டிலுக்கடியில் வைக்கச் சொன்னேன். தொட்டுப் பார்த்த பிறகுதான் பேசினேன்.

"இனி தண்ணி வந்தா காரை எங்க வேணும்னாலும் கொண்டுபோங்க. போறதுக்கு முன்னாடி, உள்ள நான் இருக்கேன்னு ஆருகிட்டயாவது சொல்லிட்டுப் போங்க."