நாற்பத்தொன்றாம் நம்பர் கூடையின் பிரசங்கம்

என் வாய்க்குப் பயந்து எங்கள் வாசலில் நாய்கூடப் படுக்காது என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிவார். எதையும் கூட்டிச் சொல்வது அவர் குணம். ஒரு நாய் படுத்தது, நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்த வாயை நம்பி ஒரு சபையே, சீடர்கள் தலைமேல் பரிசுத்த ஆவி நெருப்பாக இறங்கின நாளான பெந்தெகொஸ்தேயைக் கொண்டாட வேண்டி வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் என்னவெல்லாமோ நடந்தது, இதுவும் நடந்தது.

மலை ஊரான ரிங்லெட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய்விட்டார். பாதிரியாரை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனான். உபதேசியார் காய்ச்சலோடு அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கியவர் திரும்பவே இல்லை. எங்களுக்கு மிஞ்சியது நாங்கள் குடியிருந்த கூலி லயத்தின் கோடியில் ஓர் அறை, அதுதான் கோயில். அதற்குள் ஒரு மேசை, ஒரு வேதப்புத்தகம், நாலு பாய். பிரசங்கம் பண்ண ஆளில்லாததால் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களும் குறைந்துகொண்டே போனார்கள்.

தோட்டத்தை அப்போது நடத்தியவர், முன்பு துரையிடம் கணக்கெழுதிய கிராணி. அவரும் வேதக்காரர்தான், ஆனால் கோயில் பக்கம் தலைகாட்டி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெந்தெகொஸ்தேக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்களைக் கூப்பிட்டு விட்டார்.

"ஆளில்லாத அறை எதுக்கு? மரவள்ளி மழையில அழுகுது லா. பண்டிகையன்னிக்கு வந்து பாப்பேன். ஆள் நெறைஞ்சிருந்தா அறை உங்களுக்கு. இல்லன்னா கெழங்குக்கு."

பண்டிகைக்குப் பிரசங்கம் பண்ண மூன்று ஆண்கள் போட்டி போட்டார்கள். முதல் ஆள் என் வீட்டுக்காரர். அவர் ஜெபத்தை உலகம் உண்டான நாளிலிருந்து ஆரம்பிப்பார். ஜலப்பிரளயம் வடிவதற்குள் அடுப்பில் கஞ்சி தீய்ந்துவிடும். சண்டை வலுக்கவே, எங்கள் கங்காணி, சபையில் மூத்தவர், முதல் சீடர்களான அப்போஸ்தலர் செய்தபடி சீட்டுப் போடலாம் என்றார். சீட்டுக்குக் காகிதம் வேண்டுமே? இருந்த ஒரே பாட்டுப் புத்தகத்திலும் பாதியை யாரோ பீடி சுற்றக் கிழித்திருந்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும், அவரோடுதான் குடித்தனம் பண்ணினேன்.

அதனால் கூடைத் தகரத்தை வைத்துச் சீட்டுப் போட முடிவானது. கொழுந்து பறிக்கும் ஒவ்வொரு கூடையிலும் நம்பர் போட்ட ஒரு தகரத்துண்டு கட்டியிருக்கும். நிறுக்கும்போது கங்காணி நம்பரைக் கத்துவார். கூடைக்காரி உடனே "இருக்கு!" என்று கத்த வேண்டும். கத்தாவிட்டால் கூடை வரிசையின் கடைசிக்குப் போய்விடும். மூன்று பேருக்கு மட்டும் என்ன உரிமை என்று மற்றவர்களும் சேர்ந்துகொள்ள, வீட்டுக்கு ஒரு தகரம் என்று ஆண்கள் கழற்றிக்கொண்டு வந்து சட்டியில் போட்டார்கள். கொழுந்து பறிப்பது பெண்கள், மண்வெட்டியோடு மரவள்ளிக் காட்டுக்குப் போவது ஆண்கள், தகரத்து நம்பரெல்லாம் பெண்கள் பேரில் இருக்கிறது என்பது அத்தனை ஆண்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

கங்காணி ஜெபித்து, கையை விட்டு ஒன்றை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழக்கதோஷத்தில், மலை அதிர, "நாப்பத்தொண்ணு!" என்று கத்தினார்.

என் வீட்டுக்காரர் வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து என் வாய் தானாகவே கத்திவிட்டது.

"இருக்கு!"

அப்புறம் கேட்க வேண்டுமா? பொம்பளையாவது பிரசங்கமாவது, மறுபடியும் போடுங்கள் என்று ஒரே கூச்சல். கங்காணி மசியவில்லை.

"அப்போஸ்தலருங்க ரெண்டு தரமா போட்டாங்க? நாப்பத்தொண்ணு யாரு கூடைன்னு எனக்குத் தெரியாதா? பத்து வருசமா நிறுக்குறேன்."

என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் கல்யாண வாழ்க்கையில் நிம்மதியான இரண்டு நாள் அவை.

ஆனால் நான் உளறி வைத்தால் கோயில் கிழங்குக் கொட்டகை ஆகிவிடும், என் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த இடம் அது. கொழுந்து பறிக்கும்போதெல்லாம் பிரசங்கத்தை முணுமுணுத்து, முற்றின இலையாகப் பறித்து வசவு வாங்கினேன்.

இன்னொரு உறுத்தலும் இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவோடு எனக்கு எட்டு மாதமாகப் பேச்சில்லை. அவள் கோழி என் கீரைப் பாத்தியைக் கிளறியது, நீ நாசமாய்ப் போக என்று நான் கோழியைச் சபித்தேன், மறுநாள் கோழி செத்துப்போனது. கோழிக்கு வந்தது கழிச்சல், அதற்கு நான் என்ன செய்வேன்? கோழி செத்த அடுத்த மாதம் ஜப்பான்காரன் லோரி வந்து அவள் புருஷனைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனது; அப்படிப் போனவர் ஒருத்தரும் திரும்பவில்லை. அப்போதும் நான் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பெந்தெகொஸ்தே அன்று அறை கொள்ளவில்லை. நான் ஒவ்வொருத்தராகப் பேர் சொல்லித் திட்டப் போகிறேன் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். மேல் லயத்து இந்துக்கள்கூட ஜன்னலில் தொங்கினார்கள், மாரியம்மன் கோயில் பூசாரி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கிராணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

எழுந்து நின்றேன். "பிரியமானவர்களே" என்றேன். மேலே ஒன்றும் வரவில்லை. இன்னும் இரண்டு தரம் பிரியமானவர்களே என்றேன். யாரோ இருமினார்கள். என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்து பாதி எழுந்துவிட்டார்.

அப்போது பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள்: "கோழியத் திட்டுறப்ப மட்டும் வாய் காதுவரைக்கும் கிழியும். இப்ப என்னாடி?"

அறையே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபத்தோடு பேச்சும் வந்தது.

"சும்மா இருக்கா, சொல்லத்தான போறேன்! அப்போஸ்தலருங்க மட்டும் என்னா படிச்சுக் கிழிச்சவங்களா? வலை இழுத்தவங்க, நம்மள மாதிரி கூலிக்காரங்கதான். அவங்க தலைமேல நெருப்பு எறங்குச்சு. பெரியவரு தலைக்குப் பெருசா, சின்னவன் தலைக்குச் சிறுசான்னா எறங்குச்சு? எல்லாருக்கும் ஒரே அளவு, நம்ம அரிசி கூப்பன் மாதிரி இல்ல. பாத்தவன் குடிச்சிருக்காங்கன்னான். காலையில ஒம்போது மணிக்கு எவன் குடிப்பான்?"

எல்லோரும் ஒரே சமயத்தில் ஒருத்தரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டார்.

"அதுக்கு முன்னால என்னா செஞ்சாங்க? பயந்துகிட்டுக் கதவச் சாத்திகிட்டு..."

அங்கே நின்றுவிட்டேன். வெட்கமாக இருந்தது, பக்கத்து வீட்டு அக்கா பக்கம் திரும்பினேன்.

"நானும் சாத்திகிட்டேன்க்கா. லோரி வந்தன்னிக்கு நீ அழுதது கேட்டுச்சு. கோழிச் சண்டைக்காக இல்ல. பயந்துகிட்டுத்தான் வெளிய வரல."

கிராணி எதிரில் சயாமைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஜப்பான்காரனுக்கு ஆள் பட்டியல் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். ஆனாலும் சொல்லிவிட்டேன்: "போனவங்க பேரச் சொல்லுங்க. ஒவ்வொருத்தருக்கா ஜெபம் பண்ணலாம்."

முதலில் பக்கத்து வீட்டு அக்கா தன் புருஷன் பேரைச் சொன்னாள். பெண்கள் நாங்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டோம்; அரிசி வாங்கப் போனால்கூட அவள் பெரியவனின் அப்பா என்றுதான் சொல்வாள். அன்று எல்லோருக்கும் கேட்கும்படி முழுப் பேரையும் சொன்னாள். அதன் பிறகு தெலுங்குக் குடும்பம் ஒரு பேர் சொன்னது, மலையாளத்து அம்மாள் இரண்டு பேர் சொன்னாள், பூசாரி தன் மருமகன் பேரைச் சொன்னார். ஒவ்வொரு பேருக்கும் எனக்குத் தெரிந்தபடி ஜெபித்தேன்.

முடிந்தது என்று நினைத்தபோது வாசலிலிருந்து இன்னொரு பேர் வந்தது. கிராணியின் குரல். அது அவர் தம்பியின் பேர் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவன் ஈப்போவில் வேலை பார்க்கிறான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் மரவள்ளி மூட்டைகளை அவர் தன் வீட்டு வராந்தாவிலேயே இறக்கிக்கொண்டார், கோயில் தப்பியது. அந்த நிமிஷம் அதெல்லாம் யாருக்கும் நினைப்பில்லை. அவர் சொன்ன பேருக்கு ஜெபிக்க எனக்கு நாக்கு எழவில்லை, என் மனம் அவ்வளவு பெரியதில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் தன் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பாயில் கொஞ்சம் நகர்ந்தாள்.

"உக்காருங்கய்யா," என்றாள்.