தேதி எழுதாத படம்

கோவையில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் வேலை செய்கிறேன். பழைய கறுப்பு வெள்ளைப் படம் வந்தால், இறந்தவர்தான் என்று நினைத்துக் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவேன். பிறகு மறைந்த தேதியைக் கேட்டு எழுதுவேன்.

எண்பது வயதுக்காரர் ஒருவர், சீருடையிலிருந்த தன் அப்பாவின் படத்தைக் கொடுத்திருந்தார். கொடுத்த அன்றே அதை உள்ளங்கையால் மூடியபடியேதான் பேசினார். வாங்க வந்தபோது பொட்டைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது.

“ஏனுங்க, சீக்கிரம் தொடச்சுப்போடுங்க. அம்மா கார்ல உக்காந்திருக்கறாங்க.”

துடைத்தேன். காய்ந்த குங்குமம் இழுபட்டதே தவிரப் போகவில்லை.

“அப்பா ரெண்டாம் உலகப் போர்ல குண்டு போடற விமானத்துல போனவருங்க. பர்மாவுல ஜப்பான்காரங்க புடிச்சு, செறையிலயே செத்துட்டாருன்னு கடுதாசி வந்துச்சு. அதுல தேதி இல்லீங்க. அம்மா இன்னமும் ஒத்துக்கல.”

வெளியே ஹாரன் அடித்தது. வேறு வழியில்லாமல் படத்தைக் கார் ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். பொட்டு வைத்த நெற்றியோடு, நூறு வயதை நெருங்கிய அந்த அம்மா குனிந்து, சிவப்புக் கறையை விரலால் தொட்டார்.

“பொட்டு இருந்துட்டுப் போகுது, கண்ணு. தேதி மட்டும் எழுதிப்போடாத.”

படத்தை மூட நீண்ட மகனின் கை பாதியிலேயே நின்றுவிட்டது. இத்தனை வருடமாக அவர் அந்தச் சாவை மறைத்தது அம்மாவிடமிருந்தா, தன்னிடமிருந்தேவா என்று நான் இன்றும் யோசிக்கிறேன்.