படத்தின் ஓரத்தில் ஒரு கை

அன்று முதல் பீரியடிலேயே அசைன்மென்ட் கொடுத்தாக வேண்டும். ஒரு சங்கீதப் பத்திரிகையின் அச்சு இதழையும் இணைய இதழையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருந்தார் மீடியா வகுப்பு மேடம். கீரனூரில் திருச்சி பஸ் ஏறும்வரை நான் ஒரு வரிகூட எழுதவில்லை. மடியில் பத்திரிகை, கையில் போன், இரண்டையும் மாற்றி மாற்றிப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து சீட்டு அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். படிய வாரிய தலை, சாயம் வெளுத்த பட்டுப்புடவை. அவர் விரல்கள் மட்டும் சும்மா இருக்கவில்லை. நடுவிரல் ஒரு முறை, ஆள்காட்டி விரல் மூன்று முறை என்று கைப்பையை மீட்டிக்கொண்டே வந்தன. இருந்த அவசரத்தில் அது வேறு எரிச்சலாக இருந்தது.

“இந்தக் கச்சேரிப் படம் போன்லயும் இருக்காம்மா?” என்று கேட்டார்.

காட்டினேன். அச்சில் பாடகி, வயலின், மிருதங்கம் என்று மூன்று பேர். போனில் அதே படம் இன்னும் அகலமாக இருந்தது. பாடகிக்குப் பின்னால் ஒரு தம்பூரா, பாதி முகம், தந்தியை மீட்டும் ஒரு கை.

“அந்தக் கை என்னோடதுதாம்மா.” கைப்பை மேல் அந்த விரல்கள் எதை மீட்டின என்று அப்போதுதான் புரிந்தது.

படத்துக்குக் கீழே இரண்டிலும் மூன்று பெயர்கள்தான் இருந்தன.

“ஒங்க பேர விட்டுட்டாங்களேக்கா.”

“எப்பவும் அப்படித்தான். நீயாவது எழுதுவியா?”

“கண்டிப்பா எழுதுறேங்கக்கா.”

திருச்சி பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் அவர் இறங்கிப் போனார். வகுப்பு வாசலில் நின்றபடியே எழுதி நீட்டினேன். மேடம் படித்துவிட்டு, “நல்லா கவனிச்சிருக்க. அவங்க பேரு என்ன?” என்றார்.

நான் கேட்கவே இல்லை.

இப்போதெல்லாம் பஸ்ஸில் ஏறியதும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அந்த விரல்களைத்தான் தேடுகிறேன்.