அண்ணி அடைத்துக் கொடுத்த தண்ணீர்

என் அலுவலக மேசையில் கணினிக்குப் பக்கத்தில் ஒரு ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. உள்ளே இருப்பது ஊறுகாய் அல்ல, தண்ணீர். விளிம்பு வரை நிரப்பி, தகர மூடியை இறுக்கித் திருகி, சுற்றிலும் மெழுகு உருக்கி அடைத்திருக்கிறது. வீடு வாங்கப் போகிறவர்கள் எதிரே வந்து உட்காரும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான். "இன்னா சார், தீர்த்தமா?" என்று சிலர் கேட்பார்கள். தீர்த்தம்தான், ஒரு மடக்கு குடித்தால் நேரே பரலோகம் என்பேன். சிரிப்பார்கள். அதை நிரப்பியவர் என் அண்ணி என்பதையும், நிரப்பும்போது நான் பக்கத்தில் நின்று கேலி செய்தேன் என்பதையும் அவர்களிடம் சொல்வதில்லை.

வாங்குவதற்கு முன் வீட்டைச் சோதித்துச் சொல்வது என் தொழில். சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா, தளத்தில் கம்பி துருப்பிடித்து உப்பியிருக்கிறதா, மின்சாரத்துக்கு எர்த் உண்டா என்று பார்ப்பேன். தண்ணீரையும் மண்ணையும் எடுத்து லேபுக்குக் கொடுப்பேன். துறைமுகத்துக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் நடுவில் வீடு வாங்குகிறவர்களுக்கு இந்தக் கடைசி வேலைதான் முக்கியம். ஆனால் அதற்கு வேண்டிய மூக்கு என்னிடம் இல்லை. ராயபுரத்தில் பிறந்து, அத்திப்பட்டு வரை வண்டி ஓட்டி, மீனும் கரியும் தாரும் பெயர் தெரியாத புகையும் பழகிப்போன மூக்கு இது. காற்று திசை மாறினால் ஜன்னலைச் சாத்துவோம். அதற்குமேல் அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். கல்யாணமாகி ஐந்து வருடம் ராயபுரத்தில் ஒரே அறை வாடகை வீடு. அண்ணி தூத்துக்குடிக்காரர். வந்த புதிதில் கொடியில் காயும் துணியை மோந்து பார்த்துவிட்டு மறுபடி அலசுவார். அம்மாவுக்கு அது பொறுக்காது. "ஊருக்கே இல்லாத மூக்கு இவளுக்கு" என்பார். ஐந்து வருடம் கழித்து அண்ணி உண்டானபோது அண்ணனுக்கு ஒரே பிடிவாதம், பிள்ளை சொந்த வீட்டில்தான் தவழ வேண்டும் என்று. திருவொற்றியூரில் உள்தள்ளிய தெரு ஒன்றில் தரைவீடு கிடைத்தது. மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த ஒருவர் அவசரமாக விற்றார். விலை அக்கம்பக்கத்தைவிடக் குறைவு. ஏன் குறைவு என்று கேட்க வேண்டியது என் வேலை. சொந்த அண்ணன் வீடு என்றதும் எனக்கும் கண் மறைத்துவிட்டது.

சோதனைக்குப் போன அன்று அண்ணியும் வந்தார், அப்போது ஐந்து மாதம். நான் சுவர் சுவராகத் தட்டிக்கொண்டிருந்தேன். கட்டடம் உண்மையிலேயே கெட்டி. சமையலறைத் தரையில், அடுப்பு மேடைக்குக் கீழே, தரைத் தொட்டியின் இரும்பு மூடி இருந்தது. இடம் குறுகிய வீடுகளில் சம்ப்பை அப்படித்தான் கட்டுவார்கள். போர் தண்ணீர் அதில்தான் வந்து விழும். குழாயைத் திறந்த அண்ணி சட்டென்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "மண்ணெண்ணெய் வாடை அடிக்கு தம்பி. ஒங்களுக்கு அடிக்கலையா?" நான் குனிந்து மோந்தேன். அண்ணனும் மோந்தான். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. "மசக்கை அண்ணி. நேத்து தாளிக்கிற வாசனைக்கே வாந்தி எடுத்தீங்க" என்றேன். அண்ணன் சிரித்தான். வீட்டுக்காரர் ஒதுக்கிப் போட்டிருந்த சாமான்களில் ஒரு கண்ணாடி பாட்டிலை அண்ணி தேடியெடுத்து, கழுவிக் கழுவித் துடைத்து, காற்றுக்கு இடமில்லாமல் வழிய வழிய அந்தத் தண்ணீரைப் பிடித்தார். ஊறுகாய் எண்ணெயைச் சோதனை செய்யப் போறீங்களா என்று அதற்கும் கேலி செய்தேன். ஷேர் ஆட்டோவில் ராயபுரம் வரை அதை மடியில் வைத்துக்கொண்டே போனார்.

நான் எடுத்த மாதிரி, முறைப்படி, லேப் கொடுத்த பாட்டிலில்தான் போனது. ஆனால் போன வண்டி என்னுடையது. அதில் பெட்ரோல் முள் செத்து வருடமாகியிருந்தது. நடுவழியில் நிற்காமலிருக்க சீட்டுக்கடியில் அரை லிட்டர் பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் வைத்திருப்பேன். மாதிரியையும் அங்கேயே போட்டு எடுத்துப் போயிருந்தேன். மறுநாள் லேபிலிருந்து மேடம் கூப்பிட்டார். "தம்பி, இதுல பெட்ரோல் வாடை வருதே, எதுல வெச்சு எடுத்தாந்தீங்க?" சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். மூடி கசிந்து உள்ளே ஈரமாக இருந்தது. மானம் போயிற்று. கொட்டிடுங்க மேடம், வேற தரேன் என்றேன். அண்ணி சொன்ன வாடை அப்போதே நினைவுக்கு வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டேன். அதை ஒத்துக்கொண்டால் மூக்கு மரத்த ஒருவன் வீடு வீடாகப் போய் என்ன சோதிக்கிறான் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

வேறு மாதிரி எடுக்கப் போனால் வீட்டுக்காரர் வீட்டைப் பூட்டிவிட்டு மகளுடன் ஊருக்குப் போயிருந்தார். சாவியைக் கேட்டு வாங்கியிருக்கலாம், நான் கேட்கவில்லை. அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில், தண்ணீர்ச் சோதனை நிலுவையில் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி வைத்தேன். அண்ணன் போனில் கேட்டான், "இன்னாடா, வூடு எப்டி கீது?" "வூடு கெட்டிண்ணா. தண்ணி மட்டும் இன்னொரு தபா எடுக்கணும்." அவன் காதில் முதல் வார்த்தைதான் ஏறியது. வூடு கெட்டின்னு தம்பியே சொல்லிட்டான் என்று துறைமுகம் முழுக்கச் சொல்லி, முன்பணமும் கொடுத்துவிட்டான். பத்திரப்பதிவு ஒரு திங்கட்கிழமைக்குக் குறித்தார்கள். அதற்கடுத்த புதன் திருநீற்றுப் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் நாற்பது நாள் எங்களில் யாரும் விசேஷம் வைக்க மாட்டார்கள், அது முடிந்ததும் பேறுகாலம். ஆகவே பதிவுக்கு முன்னாலேயே, சனிக்கிழமை காலையில், பங்குத்தந்தையை வைத்து வீட்டை மந்திரித்துப் பால் காய்ச்சிவிடலாம் என்று முடிவாயிற்று. வீட்டுக்காரர் மனமுவந்து சாவியை அனுப்பினார்.

அன்று காலை நான் மாதிரி பாட்டிலோடு சீக்கிரமே போனேன். எப்படியாவது தண்ணீரைப் பிடித்துத் திங்களுக்குள் விடை வாங்கிவிட வேண்டும் என்ற தவிப்பு. எனக்கு முன்னாலேயே எல்லோரும் வந்துவிட்டிருந்தார்கள். வாரக்கணக்கில் அடைத்துக் கிடந்த வீடு. சமையலறையில் புது அடுப்பு, புது சிலிண்டர், மேடையில் பால் சட்டி. பங்குத்தந்தை கூடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். சமையலறையில் அண்ணி பாலை ஊற்றிக்கொண்டிருந்தார், அண்ணன் லைட்டரை எடுத்தான். சிலிண்டர் இணைப்பைப் பார்த்துவிடுகிறேன் என்று எரியக்கூடிய ஆவி எது பட்டாலும் அலறும் வாயு மீட்டரை நான் பையிலிருந்து எடுத்தேன். தம்பி தொழில்காரன் என்று உறவுக்காரர்கள் பார்க்கட்டுமே என்ற ஆசைதான். சிலிண்டர் இன்னும் திறக்கப்படவே இல்லை. மீட்டரைக் கீழே கொண்டுபோனதும் அலறியது. சிலிண்டர் பக்கம் குறைவாக, சம்ப் மூடியின் இடுக்கில் நிற்காமல்.

"அண்ணா, அத கீழ வை. பத்த வெக்காத." அவன் லைட்டரைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "புது சிலிண்டருடா, அப்டித்தான் இருக்கும்." அண்ணி பால் சட்டியை மேடையில் வைத்துவிட்டு, "அன்னைக்குச் சொன்னம்லா, அதே வாடை" என்றார், மெதுவாக. அதற்குள் மாமா ஒருவர், காற்று வரட்டும் என்று மின்விசிறியின் சுவிட்சுக்குக் கை நீட்டினார். அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்த வேகத்தில் அவர் வேட்டியே அவிழ்ந்தது. ஒரு சுவிட்சையும் தொடாதீங்க, எல்லாரும் தெருவுக்குப் போங்க என்று கத்தினேன். கூடத்தில் பங்குத்தந்தை ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. திரியை விரலால் நசுக்கி அணைத்துவிட்டு, அண்ணியைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப் போனார். நான் கடைசியாக வந்தேன். அந்தப் பத்தடி தூரம் போல் நான் எங்கும் நடந்ததில்லை.

எதிர்வீட்டு அம்மா கோலப்பொடியோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா தம்பி, சம்பு மூடிய தெறக்காமயா அடுப்பு பத்த வெக்கப் போனீங்க?" அந்தத் தெருவின் வழக்கம் அதுவாம். விடிந்ததும் முதலில் கதவையும் சம்ப் மூடியையும் திறந்துவைப்பார்கள், அரை மணி கழித்துத்தான் அடுப்பு. போர் தண்ணீரைப் பாத்திரம் கழுவக்கூட எடுக்க மாட்டார்கள். பூமிக்குள் எங்கிருந்து எண்ணெய் கசிகிறது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை. முன்னமே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று அண்ணன் கேட்டான். "பொண்ணு கல்யாணத்துக்கு விக்கிறான் நைனா. அவன் பொழப்புல நாங்க மண்ணப் போட முடியுமா? நீங்க வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்போம்." ஒன்பது பக்கம் எழுதிய நான் எதிர்வீட்டில் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மத்தியானம் ராயபுரத்தில் யாரும் சாப்பிடவில்லை. பெட்ரோல் கதையை நான் சொல்லி முடித்தபோது அண்ணன் முகம் கறுத்துப்போயிருந்தது. "அப்ப அது உன் வண்டி பெட்ரோலா இல்லியா? சரியா சொல்லு. திங்கக்கெழம நான் கையெழுத்து போடணும்." எனக்குத் தெரியவில்லை. அண்ணி எழுந்து போய் அலமாரியிலிருந்து ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்தார். "இது ஒங்க வண்டியில வரல தம்பி. என் மடியில வந்துச்சு." மூடியைத் திறந்தார். அண்ணன் குனிந்தான், நான் குனிந்தேன். சத்தியமாக எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அண்ணி என் பையைக் காட்டினார். மீட்டரை எடுத்து பாட்டிலின் வாயருகே வைத்தேன். அது அலறியது. அண்ணன் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தான். பிறகு மூடியை வாங்கி அவனே திருகினான். காலையில் அணைத்த மெழுகுவர்த்தியை உருக்கி அண்ணி சுற்றிலும் அடைத்தார். "ஒங்க மேசையில வச்சுக்கிடுங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை பதிவு நடக்கவில்லை. முன்பணத்தில் பாதி வந்தது. அண்ணி பேறுகாலத்துக்குத் தூத்துக்குடி போனார், திரும்பி வரவில்லை. ஒரு வருடம் கழித்து அண்ணனும் அங்கேயே வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். அவன் மகள் தவழ்ந்தது உப்பங்காற்று வீசும் ஒரு வாடகை வீட்டில். தம்பி சொன்னா சரி என்று நம்பிய அந்த அண்ணனை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. பேசுகிறான், நலம் விசாரிக்கிறான், வீட்டைப் பற்றி மட்டும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. எனக்கு வலிக்கிறது. வலிக்கட்டும் என்றும் இருக்கிறது.

போன வாரம் எம்.கே.பி. நகரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். எண்ணூர்ப் பக்கம் வீடு பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குப் பிறந்த ஊர் மதுரை. குழாய்த் தண்ணீரில் ஏதோ வாடை வருவதாகச் சொல்ல வாயெடுத்தார். "அவ எல்லாத்துக்கும் அப்டித்தான் சார், நீங்க எழுதுங்க" என்றார் கணவர். நான் பாட்டிலை இழுத்து, இத்தனை வருட மெழுகை நகத்தால் கீறி, மூடியைத் திறந்து அவர்கள் முன் வைத்தேன். அந்தப் பெண் உடனே தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இதேதான் சார்." கணவர் குனிந்து நன்றாக மோந்து பார்த்தார். "ஒண்ணும் இல்லியே சார்."

"எனக்கும் ஒண்ணும் இல்ல" என்றேன். அறிக்கைத் தாளை எடுத்து, முதல் பக்கத்தில், தமிழில், வீட்டம்மாவுக்கு வாடை தெரிகிறது என்று எழுதிவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்த்து, "சொல்லுங்கம்மா, எந்தக் குழாய்?" என்று கேட்டேன்.