சேரப்பணஞ்சேரிக் காப்புக்காட்டில் ஒரு மான்குட்டி

ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமாகக் கம்பெனி பஸ்ஸின் ஜன்னலில் தினமும் பார்த்த காடு அது. டிரைவர் அண்ணனிடம் கேட்டால், "அதுல இன்னா கீது? வெறும் முள்ளுக்காடு" என்பார். வெறும் முள்ளுக்காட்டுக்கு எதற்கு வனத்துறைப் பலகை? அது என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. 2013 மார்ச்சில் ஒரு வார விடுமுறை நாளில் கிளம்பிவிட்டோம், நானும் ஹாஸ்டலில் என் அறையில் இருக்கும் ஜெயந்தியும். இருவருக்கும் கோவில்பட்டிப் பக்கம்தான் ஊர்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காலை ஆறரைக்கு பஸ். ஒரகடம் கூட்டுரோடு வர அரைமணி நேரம். அங்கிருந்து படப்பை போகும் ஷேர் ஆட்டோவில் ஆளுக்குப் பத்து ரூபாய். சேரப்பணஞ்சேரியில் இறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்தால் காட்டு முனை. காவல் குடிசையில் இருந்த வனக்காவலரிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனோம். "வண்டிப்பாதைய விட்டு இறங்காதீங்கமா. மான் கீது, நரி கீது. கண்ணுல படறது உங்க லக்கு" என்றார்.

களாச்செடியெல்லாம் வெள்ளைப் பூ. ஈரமணலில் சின்னக் குளம்புத் தடங்கள். ஒவ்வொன்றுக்கும் குனிந்து குனிந்து பார்த்ததில் இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஷிப்ட் சங்கு மட்டும் உள்ளே வரைக்கும் கேட்டது, லீவு நாளிலும்!

காடு முடிந்து ஏரி தெரியும் இடத்தில் மனைப்பிரிவு போட்டு முள்வேலி கட்டியிருந்தார்கள். அங்கே நாய்கள் குரைத்தன. தண்ணீருக்கு வந்த ஒரு புள்ளிமான் குட்டி, நாய்களுக்குப் பயந்து வேலியில் பாய்ந்து, பின்னங்கால் கம்பியில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. ஆடு மேய்க்கும் ஓர் அம்மா கழியோடு மூன்று நாய்களையும் விரட்டப் பார்த்தார்.

"கல்ல எடுங்கமா! ஒண்டியா கத்திகினு கீறேன்!"

நாயைக் கண்டால் தெருவையே மாற்றி நடப்பவள் ஜெயந்தி. அவள்தான் முதலில் கல்லெடுத்தாள். எறிந்துகொண்டே முன்னால் போனாள். நாய்கள் பின்வாங்கியதும் நான் குட்டியின் உடம்பைத் தூக்கிப் பிடித்தேன்.

"அதோட கண்ண மூடு. பயத்துலயே செத்துப்பூடும்" என்றார் அந்த அம்மா. பெயர் முனியம்மா. ஜெயந்தி தன் துப்பட்டாவை அதன் முகத்தில் சுற்றினாள். முனியம்மா செல்போனில் வனக்காவலரைக் கூப்பிட்டார்.

அவர் வரும்வரை அசையாமல் நின்றோம். என் உள்ளங்கைக்கு அடியில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. ஒரு கட்டத்தில் அதுவும் தணிந்துபோனது.

"ஏட்டி, உயிரு இருக்கா?" ஜெயந்தி அழுதுவிட்டாள்.

"இருக்கு. நீ பேசாம இரு" என்றேன். எனக்கே நிச்சயமில்லை.

காவலர் மொபெட்டில் வந்து, கட்டிங் பிளேயரால் கம்பியை வெட்டினார். குட்டியைத் தரையில் கிடத்தித் துணியை எடுத்தோம். எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்து மூன்று காலில் புதருக்குள் போய்விட்டது. பிழைக்குமா என்று கேட்டேன். "சொல்ல முடியாதுமா" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: காவலரிடம் கேட்காமல் உள்ளே போகாதீர்கள். தண்ணீரும் மூடிய காலணியும் அவசியம், உள்ளே கடை கிடையாது. தனியாகப் போக வேண்டாம். ஒன்பது மணிக்குள் நடந்து முடித்தால் வெயில் தெரியாது. மான் கண்ணில் படாவிட்டாலும் தடங்களைப் படித்துக்கொண்டு நடப்பதே நல்ல பொழுது. அந்தக் காட்டில் 'வெறும்' என்று சொல்ல எதுவும் இல்லை.

அடுத்த வார லீவில் தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்பி ஜெயந்திதான் கிளப்பினாள். ஏரிக்கரையில் முனியம்மா எங்களைப் பார்த்ததுமே கையை ஆட்டினார்.

"நேத்து தாயோட தண்ணிக்கு வந்துச்சு!"

"காலு எப்படிம்மா இருக்கு?" ஜெயந்தி ஓடிப்போய்க் கேட்டாள்.

"நொண்டுது. ஆனா ஓடுது."