பிளந்த நகம்

போன வாரம் ரேஷன் அட்டை புதுப்பிக்கப் போயிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த ஆள் என்னைக் கேட்காமலே மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். "இடது கட்டைவிரல வைங்க ஆயா."

"எனக்குக் கையெழுத்து வரும்பா" என்றேன். இரண்டு வகுப்பு படித்தவள் நான். அதை எங்கேயும் விட்டுக்கொடுத்ததில்லை. பேனாவை வலது கையில் பிடித்து என் பெயரின் நான்கு எழுத்தையும் எழுதினேன்.

"கை ஆடுது பாருங்க, வயசாயிடுச்சில்ல" என்று சிரித்தார். அது வயதால் ஆடவில்லை. அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

அந்த மைப்பெட்டியில் ஒரு துவர்ப்பு வாசனை. எங்கள் அம்மா ஆம்பூரில் தோல் பதனிடும் கிடங்குக்கு ஆவாரம் பட்டை இடித்தவள். அவள் சேலையிலும், அவள் பிசைந்த சோற்றிலும்கூட இதே துவர்ப்புதான். அந்தக் கையால்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டாள்.

நானோ பிறவியிலேயே இடது கைக்காரி. "பீச்சாங்கைய அடியில வெச்சு உக்காருடி!" என்பார் டீச்சரம்மா. பலகைக்கும் தொடைக்கும் நடுவில் கை மரத்துக் கிடக்கும். மணி அடித்து எடுத்தால் வேறு யாருடைய கையோ போலத் தொங்கும்.

ஒரு நாள் வேலூரிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். ஒரே ஒரு பெண்ணை அங்கே விடுதியில் வைத்துப் படிக்கவைப்பதாகப் பேச்சு. டீச்சரம்மா என் பெயரையும் சொல்லியிருந்தார். "சிலேட்டுல அவங்கவங்க கைய வரைங்க, பார்த்து வரையணும்" என்று சொல்லிவிட்டு இருவரும் பக்கத்து வகுப்புக்குப் போனார்கள்.

இடது கையை உருவி உதறினேன். "அடி வாங்கப் போற" என்றாள் பக்கத்திலிருந்த ஷம்ஷாத். வலது கையை விரித்து வைத்து, இடது கையால் வரைந்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்: கணுக்களின் சுருக்கம்கூட விட்டுப்போகவில்லை. அம்மாவின் உலக்கை பட்டு இரண்டாகப் பிளந்திருந்த சுண்டுவிரல் நகத்தையும் வரைந்தேன். காலடிச் சத்தம் கேட்டதும் கை மறுபடி அடியில் போய்விட்டது.

"எந்தக் கையால வரைஞ்ச?" என்றார் டீச்சரம்மா.

"சோத்தாங்கையால டீச்சர்."

வேலூர் அம்மாள் என் வலது கையைப் பிடித்து, "கெட்டிக்காரி" என்றார். பிடித்தவர் நகத்தைப் பார்த்தார். சிலேட்டைப் பார்த்தார். மறுபடி நகத்தைப் பார்த்தார்.

ஷம்ஷாத்தான் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். "வரைஞ்ச கையே படத்துல படுத்துக்கினு கீது டீச்சர்!"

"தொடைச்சிட்டு, சோத்தாங்கையால வரை" என்றார் டீச்சரம்மா. இடது கையை எடுத்து எதிரே வைத்தேன். மரத்திருந்தது. வரைந்தேன். விரல் வரவில்லை, ஐந்து கத்தரிக்காய் வந்தது.

வேலூருக்கு வேறொருத்தி போனாள். பொய்க்காகவா, கைக்காகவா என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. திங்கட்கிழமை அம்மாவோடு பட்டை இடிக்கப் போனேன். "உலக்கைய எந்தக் கையால புடிச்சா இன்னாடி" என்றாள் அம்மா.

பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது கம்பெனி பஸ் நிற்கிறது. பட்டை இடித்த கல்லும் இல்லை, ஷம்ஷாத்தும் இல்லை. புது அட்டை வாங்கிவந்த அன்று மத்தியானம் ஒரு காகிதத்தை எடுத்து, அந்தச் சிலேட்டுக்குப் பிறகு முதல் தடவையாக இடது கையால் என் வலது கையை வரைந்து பார்த்தேன். நகத்தின் பிளவு அப்படியே இருக்கிறது. பார்த்துப் பார்த்துத்தான் வரைந்தேன்.

ஐந்து கத்தரிக்காய்தான் வந்தது.